வழக்குக்குப் போகுமுன் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

இலங்கையில் படையினரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களோடு வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போய் வந்தவர்களில் நானும் ஒருத்தி. நடந்த கொடுமையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதற்குப் பிறகு வரும் ஆண்டுகள் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. எந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கவேண்டும், எந்த நாளுக்குள் எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அந்த நாள் கடந்த பிறகுதான் தெரியவரும். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் ஊரும் இதில் வராது. நீதிமன்றப் பதிவில் உள்ள, எல்லோரும் அறிந்த வழக்குகளை மட்டும் பெயர் சொல்லி எடுத்திருக்கிறேன்.

முதலில் நாங்கள் எதற்குள் இறங்குகிறோம் என்பது தெரியவேண்டும். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமியை யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அதைக் கண்ட ஒருவர் வீட்டுக்குச் சொல்ல, தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் ஒக்டோபர் கடைசியில் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டன. கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் நடந்த வழக்கில் 1998 ஜூலையில் மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இந்த வழக்கைக் காட்டி "சட்டம் வேலை செய்யும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதில் உயிரோடிருந்து சாட்சி சொல்ல வேண்டிய பெண் இல்லை. அவளை மிரட்ட முடியாது, குறுக்கு விசாரணையில் உடைக்க முடியாது, வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது. உயிர் தப்பியவளின் வழக்கு வேறு.

2010 ஜூனில் வன்னியில் விசுவமடுவில், மீள்குடியேறிச் சில நாட்களே ஆன வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடந்ததைப் பாருங்கள். அவர்கள் உடனே முறையிட்டார்கள். நான்கு இராணுவத்தினர் மீது வழக்கு வந்தது. யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நீதிபதி மா. இளஞ்செழியன் தீர்ப்பு வழங்கியது 2015 ஒக்டோபரில். நீண்ட கடூழியச் சிறையும் நட்டஈடும் விதித்தார். அன்று வடக்கில் எத்தனையோ பேர் முதன்முறையாக மூச்சு விட்டார்கள். 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. நடந்த நாளிலிருந்து அதுவரை ஒன்பது ஆண்டுகள். திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி நடந்த படுகொலையில் 24 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியைக் கெடுத்துக் கொன்றார்கள். அந்த வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் ஜூரிகள் முன்னிலையில் ஆறு படையினரும் விடுதலையானார்கள். இருபது ஆண்டுகள். இதையெல்லாம் யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. வழக்கென்று இறங்கினால் ஐந்து முதல் இருபது ஆண்டு வரை என்று கணக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள். "ஆறு மாதத்தில் முடியும்" என்று சொல்லி ஒரு பெண்ணைக் கூட்டிப் போவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இனி ஒழுங்காக வருகிறேன். சம்பவம் நடந்து முதல் 72 மணித்தியாலத்தில்தான் உடலில் சான்று அதிகம் இருக்கும். குளிக்க வேண்டும் என்றுதான் எந்தப் பெண்ணுக்கும் முதலில் தோன்றும். தாயும் அக்காவும்கூடக் குளிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே கூட்டி வருவார்கள். முடிந்தால் வேண்டாம். குளித்துவிட்டாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். போனால் போனதுதான், மற்றச் சான்றுகள் இருக்கும். உடுத்திருந்த உடுப்பைத் தோய்க்காமல், ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசிப் பையிலோ பழைய பேப்பரிலோ சுற்றி வையுங்கள். பொலித்தீன் ஷொப்பிங் பையில் போட்டால் ஈரம் அடைத்துப் பூஞ்சணம் பிடித்து, மரபணுப் பரிசோதனைக்கு உதவாமல் போய்விடும். பொலிஸார் அவற்றை எடுக்கும்போது பொதி கட்டி முத்திரை வைத்தார்களா என்று பாருங்கள். என்னென்ன கொடுத்தீர்கள், யாரிடம், எந்த நேரம் என்று ஒரு கொப்பியில் அன்றே எழுதிவிடுங்கள்.

வைத்தியசாலைக்குப் போக பொலிஸ் முறைப்பாடு முதலில் வேண்டும் என்று வாசலில் திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம். நேரே அனுமதி பெறலாம். உடலைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரிக்கு அவர்களே அறிவிப்பார்கள். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ நட்பு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் மித்துறு பியச என்பார்கள். அங்கே கேளுங்கள். கர்ப்பம் தரிக்காமலிருக்கும் அவசர மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுப்பது நல்லது. பாமசியில் போஸ்டினோர் என்று கேட்டாலே தருவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், 28 நாள் விடாமல் எடுக்கவேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் வெட்கத்தில் கேட்பதில்லை. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. கூடப் போகிறவர் கேளுங்கள், அவள் வாயால் கேட்க வைக்காதீர்கள். இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் கருக்கலைப்புக்கு இடமில்லை, வன்புணர்வால் வந்த கருவுக்கும் விதிவிலக்கு இல்லை. ஆகவே அந்த முதல் மூன்று நாள் மாத்திரைக்கு எவ்வளவு பெறுமதி என்று யோசியுங்கள்.

சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும்போது அறைக்குள் பொலிஸாரோ படையினரோ நிற்கக்கூடாது. நின்றால் "அவர்களை வெளியே அனுப்புங்கோ டொக்டர்" என்று சொல்லுங்கள். தடுப்புக் காவலில் இருந்து கொண்டுவரப்படுபவர்களுக்கு இதுதான் பெரிய தடை: செய்தவனே கதவருகில் நிற்பான், வைத்தியர் கேட்கும்போது வாய் வராது, "ஒன்றும் இல்லை" என்று பதிவாகிவிடும். அந்தச் சொல் பிறகு உச்ச நீதிமன்றம் வரை பின்தொடரும். இன்னொன்று: வைத்தியர் படிவத்தில் "நோயாளி சொன்ன வரலாறு" என்று சில வரி எழுதுவார். அந்தச் சில வரியும் பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கையில் போய்ச் சேரும். ஆகவே சுருக்கமாக, நடந்த ஒழுங்கில், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். எத்தனை பேர் என்று சரியாகத் தெரியாவிட்டால் "இருட்டு, எண்ண முடியவில்லை" என்றே சொல்லுங்கள். காயம் இல்லையென்றால் கேஸ் இல்லை என்று பொலிஸில் சொல்வார்கள். 1995இல் குற்றவியல் சட்டக்கோவைக்கு வந்த 22ஆம் இலக்கத் திருத்தம், எதிர்த்ததற்கான உடற்காயம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை எனத் தெளிவாகவே சொல்கிறது. காவலில் வைத்தும் கூட்டாகவும் செய்யும் வன்புணர்வுக்குத் தண்டனையைக் கூட்டியதும் அதே திருத்தம்தான்.

ஆண்களுக்கு நடந்ததைப் பற்றி நம்மவர்கள் பேசுவதேயில்லை. விசாரணை முகாம்களிலும் புலனாய்வுக் காவலிலும் ஆண்களுக்கும் இது பரவலாக நடந்ததை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 செப்டெம்பர் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் வன்புணர்வு என்ற குற்றம் பெண்ணுக்கு ஆண் செய்வது மட்டும். ஆகவே ஓர் ஆண் முறையிடும்போது 365ஆ பிரிவின் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்றும், 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தின் கீழும் எழுதச் சொல்லிக் கேட்கவேண்டும். சித்திரவதைச் சட்டத்தில் ஆகக் குறைந்த தண்டனையே ஏழாண்டு. ஆணுக்கு ஆண் உறவைக் குற்றமாக்கும் பழைய பிரிவு தன் மேலேயே பாயுமோ என்று பயந்து வாய் திறக்காதவர்கள் பலர். வற்புறுத்தப்பட்டவர் குற்றவாளி ஆகமாட்டார். இதைத் தம்பிமாருக்குத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள், தாய் தகப்பன் முன்னால் வேண்டாம்.

பொலிஸ் முறைப்பாடுதான் எல்லா வழக்கும் விழுகிற இடம். தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதிவிட்டு "இதில ஒப்பமிடுங்கோ" என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு, பசியோடு, நடுங்கிக்கொண்டு இருக்கும் ஒருத்தி ஒப்பமிட்டுவிடுவாள். ஐந்து ஆண்டு கழித்து மேல் நீதிமன்றத்தில் அந்தக் கடதாசி வெளியே வரும். "நீங்கள் பொலிஸில் மூன்று பேர் என்று சொன்னீர்கள், இங்கே நாலு என்கிறீர்களே?" சொன்னது நாலு, எழுதியது மூன்று. அதை நிரூபிக்க வழியேயில்லை. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றால் நாளை காலை வருகிறோம் என்று சொல்லிவிட்டு, வைத்தியசாலைக்கு மட்டும் அன்றிரவே போங்கள். வாக்குமூலத்தை விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடம் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையே சொல்கிறது. ஒவ்வொரு பக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தி, பக்கத்தில் சிற்றொப்பம் வையுங்கள். வெளிக்கிடும்போது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் பந்தி என்று இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு பிரதி எடுக்க அது இல்லாமல் முடியாது.

திகதியில்தான் நம்முடைய ஆட்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். போருக்குள் இருந்தவருக்கு நாட்காட்டி ஏது? "ஏப்ரல் 20" என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு, பிறகு முகாம் பதிவில் வேறு திகதி வர, முழு வாக்குமூலமும் பொய்யென்று ஆக்கிவிடுவார்கள். தெரியாத திகதியைச் சொல்லாதீர்கள். தெரிந்த ஒன்றோடு கட்டிச் சொல்லுங்கள்: ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி எத்தனையாம் இரவு, மெனிக் பாம் முகாமில் பதிவு செய்வதற்கு முன்னோ பின்னோ, வற்றாப்பளைப் பொங்கலுக்கு எத்தனை கிழமைக்கு முன், நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பிறகா, பிள்ளையின் ஓ.எல். பரீட்சைக்கு முன்னா. இப்படிச் சொன்னதை எந்தச் சட்டத்தரணியாலும் இலகுவில் உடைக்க முடியாது. அதேபோல் ஆளின் பெயர் தெரியாவிட்டாலும் எந்த முகாம், எந்தச் சென்றி (காவலரண்), சீருடை இராணுவத்தினுடையதா கடற்படையினுடையதா அதிரடிப்படையினுடையதா, தோளில் என்ன பட்டி, மற்றவர்கள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். அந்த மாதத்தில் அந்தச் சென்றியில் யார் கடமையில் இருந்தார்கள் என்ற பதிவு படையினரிடம் இருக்கும். கேட்டு எடுக்கவேண்டியது விசாரிப்பவரின் வேலை.

அடையாள அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடக்கும். அதற்கு முன் சந்தேக நபரின் படத்தைத் தொலைபேசியில் யாராவது காட்டினால், அல்லது பொலிஸில் நேரே காட்டினால், அணிவகுப்பே செல்லாமல் போகும். படம் காட்ட வருகிறவர் உதவ வருபவராகவே தெரிவார்; பார்க்காதீர்கள். வரிசையில் நிச்சயமாகத் தெரிந்தவரை மட்டும் காட்டுங்கள். ஒரு பிழையான ஆளைக் காட்டினால் சரியாகக் காட்டிய மூவரும் தப்பிவிடுவார்கள்.

பிறகு தவணைகள் தொடங்கும். நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், குற்றப்பத்திரம், மேல் நீதிமன்றம். ஒவ்வொரு தவணைக்கும் முல்லைத்தீவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ விடிய முன் பஸ் எடுக்கவேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், இருவருடைய அன்றைய கூலியும் போகும். பத்து மணிக்கு அழைத்து, "எதிரி சமுகமில்லை, அடுத்த தவணை" என்று இரண்டு நிமிடத்தில் முடியும். சாட்சிக்கு நீதிமன்றம் தரும் படி பஸ் காசுக்கே காணாது. சங்கிலி அடகு வைத்து வழக்குக்குப் போனவர்களைக் கண்டிருக்கிறோம். வழக்கை நடத்துவது அரச சட்டத்தரணி; அவருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்தில் நலன் பார்க்க ஒருவர் வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். யாராவது தனியாகப் பெரிய தொகை கேட்டால் எதற்கென்று எழுத்தில் கேளுங்கள். மூடிய நீதிமன்றத்தில் சாட்சியம் எடுக்கும்படியும், ஒளி-ஒலித் தொடர்பு மூலம் வேறிடத்திலிருந்து சாட்சி சொல்ல அனுமதிக்கும்படியும் கேட்கலாம். 2015இல் வந்து 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 365இ பிரிவின் கீழ்க் குற்றம். முகநூலில் ஆதரவு என்ற பேரில் படம் போடுகிறவர்களுக்கும் அது பொருந்தும்.

இரவில் தெரியாத ஆட்கள் வீட்டுக்கு வருவதும், "சமாதானமாப் போனா நல்லம்" என்று விதானையார் (கிராம அலுவலர்) வழியாகச் சொல்லி அனுப்புவதும், படையினர் பிடித்த காணியை விடுவிக்கும்போது பெயர் விடுபடுவதும் தவணைகளுக்கு நடுவில் நடக்கும். ஒவ்வொன்றையும் நாள், நேரம், வந்தவர் சொன்ன சொல், வாகன இலக்கம் என்று எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் பதியுங்கள். அவசரத்துக்கு 1996 என்ற இலக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். பிடித்துக்கொண்டு போனவுடன் நீங்களே அழைத்து அறிவித்துவிடுங்கள், காவலில் நடக்கக்கூடியதைத் தடுக்க அந்த முதல் இரவு முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனு போட உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அவர்களிடம் விசாரணை கிடப்பில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இந்த ஒன்றைத் தெரியாமல் வாசல் மூடப்பட்டவர்கள் ஏராளம்.

ஊர் விட்டு வெளிநாடு போனவர்களுக்கும் இதே விதிதான், வேறு கட்டிடத்தில். தஞ்ச விண்ணப்பத்தின் முதல் நேர்காணலில் வெட்கத்தால் சொல்லாமல் விட்டதைப் பிறகு சொன்னால் "ஏன் முதலில் சொல்லவில்லை" என்பார்கள். பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். விரிவாகச் சொல்ல முடியாவிட்டால் "இன்னும் ஒன்று நடந்தது, இப்போது பேச முடியவில்லை" என்ற ஒரு வரியையாவது பதியச் செய்யுங்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால் மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள். தழும்புகளை, சித்திரவதையைப் பதிவதற்கான ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறைப்படி பதியத் தெரிந்த வைத்தியரிடம் போகவேண்டும். சூட்டுக்கோல் தழும்பை ஒரு தமிழர் தானே வைப்பித்தார் என்று சந்தேகித்த வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மார்ச்சில் அவருடைய மேன்முறையீடு ஏற்கப்பட்டது. வைத்தியரின் விரிவான அறிக்கை இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

இப்போது அவசரமான விடயம். இலங்கையில் கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டுதான் காலவரை. குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 456ஆம் பிரிவு. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இருந்த காலத்தில் நடந்தவை, 1996இல் செம்மணியைச் சுற்றி நடந்தவை எல்லாம் வன்புணர்வு என்ற அளவில் இந்தக் கதவுக்கு வெளியே போய்விட்டன. 2009 மே மாதத்தில் நடந்தவற்றுக்கு 2029 மே வரைதான். இன்று வழக்குப் போடும் தைரியம் எல்லோருக்கும் வராது, வரவேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் கூடாது. ஆனால் ஒரு சத்தியக் கடதாசியை எழுதி வைக்கலாம். சொந்த ஊர்ச் சமாதான நீதவானிடம் போகாதீர்கள். கதை அன்றே ஊருக்குப் போகும். வேறு நகரத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் தமிழில் எழுதி, வாசித்து, ஒப்பமிட்டு, மூலப்பிரதியை வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான இடத்தில் மூடிய உறையில் வையுங்கள். கேட்டு வருகிற நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கதை சொல்லாதீர்கள். பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் அந்தப் பத்தும் பின்னாளில் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். ஒரே சத்தியக் கடதாசியின் பிரதியைக் கொடுத்து, எதற்குப் பயன்படுத்துவார்கள், யாருக்குக் காட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தால் உருவான சான்று சேகரிக்கும் பிரிவுக்கும் அதையே அனுப்பலாம். முறைப்பாடு செய்யத் துணிந்தால், சட்டத்தரணி வழியாகப் பொலிஸ்மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டு மூன்றையும் அந்தப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். திகதி தெளிவாக விழாத முத்திரையென்றால் தபாலகத்திலேயே திரும்பக் குத்தச் சொல்லிக் கேளுங்கள்.